பராமரிப்புக் கட்டணம் நின்ற பிறகு மென்பொருள்: யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நோக்கு

ஒரே தடவை பணம் கொடுத்து நிரந்தரமாக வாங்கிய மென்பொருளை, அதற்கான வருடாந்தப் பராமரிப்புக் கட்டணத்தைக் கட்டாமல் விட்ட பின்னரும் பயன்படுத்தலாமா என்ற கேள்வி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் கடைகளிலும் அச்சகங்களிலும் வரைபட அலுவலகங்களிலும் ஆண்டுதோறும் எழுகின்ற ஒன்றாகும். பெரும்பாலும் அது முகவரிடமிருந்து வரும் புதுப்பித்தல் விலைச்சீட்டோடு சேர்ந்தே எழுகிறது. கட்டாவிட்டால் "லைசென்ஸ் முடிஞ்சுபோம்" என்று முகவர் சொல்வதும், கணக்காளர் அதை முதலாளியிடம் அப்படியே ஒப்புவிப்பதும், முதலாளி மறுபேச்சின்றிக் காசோலையில் கையொப்பமிடுவதும் வழமை. ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்பட்டிருந்தாலன்றி முகவரின் அந்தக் கூற்று தவறானது. முடிந்துபோவது பராமரிப்பு; உரிமம் அல்ல. எனினும் இந்தச் சுருக்கமான விடையோடு நின்றுவிட்டால், உரிமம் கையில் இருந்தும் மென்பொருள் திறக்காமற்போகும் நிலைமைகளை விளங்கிக்கொள்ள இயலாது. குடாநாட்டைப் பொறுத்தவரை அந்த நிலைமைகளே சட்டத்தைவிட முக்கியமானவை.

மென்பொருளை விலைக்கு வாங்குபவர் அந்த மென்பொருளின் சொந்தக்காரர் ஆவதில்லை. பதிப்புரிமை, அதாவது படைப்பைப் பிரதிசெய்யவும் மாற்றவும் விநியோகிக்கவும் உள்ள தனியுரிமை, ஆக்கிய நிறுவனத்திடமே இருக்கிறது; வாங்குபவருக்குக் கிடைப்பது அதைப் பயன்படுத்துவதற்கான அனுமதி மட்டுமே, அதுவே உரிமம் எனப்படுகிறது. அந்த அனுமதிக்கு முடிவுத் திகதி குறிக்கப்படாவிட்டால் அது நிரந்தர உரிமம். மாதத்துக்கோ ஆண்டுக்கோ என்று காலம் குறிக்கப்பட்டால் அது சந்தா. பராமரிப்பு ஒப்பந்தம் என்பது இவ்விரண்டுக்கும் வெளியே நிற்கும் மூன்றாவது கொடுக்கல்வாங்கல்: புதிய பதிப்புகள், பிழைதிருத்தங்கள், தொலைபேசியில் உதவி ஆகியவற்றை ஓராண்டுக்கு வழங்குவதற்கான வாக்குறுதி. முதலாண்டு விலைச்சீட்டில் உரிமத்துக்கு ஒரு வரியும் பராமரிப்புக்கு ஒரு வரியுமாக இரண்டும் அடுத்தடுத்து அச்சாகி, அடியில் ஒரே கூட்டுத்தொகை வருகிறது. மறு ஆண்டுச் சீட்டிலோ ஒற்றை வரியே இருக்கும், அதன் தலைப்பிலும் பல வேளைகளில் 'உரிமப் புதுப்பித்தல்' என்றே எழுதப்பட்டிருக்கும். குழப்பத்தின் பெரும்பகுதி இந்தத் தலைப்பிலிருந்தே பிறக்கிறது, அதைத் தீர்த்துவைப்பதில் விற்பவருக்கு அக்கறை இருக்க நியாயமில்லை.

குடாநாட்டுக் காணி உறுதிகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு புதிதாகத் தோன்றாது. வேறொருவரின் வளவில் உள்ள கிணற்றில் தண்ணீர் எடுக்கும் பங்கும், அதற்குச் செல்லும் வழிவாய்க்கால் உரிமையும் உறுதியில் எழுதப்பட்டிருக்கும். அந்தக் கிணற்றை இறைத்துத் தூர்வாரும் செலவில் ஓராண்டு பங்கெடுக்கத் தவறியவருடைய பங்கு அதனால் அழிந்துவிட்டது என்று எந்த நொத்தாரிசும் சொல்லமாட்டார். தூர்வாராத கிணற்றில் ஊற்று அடைபட்டுத் தண்ணீர் கிடைக்காமற்போகலாம் என்பது வேறு விடயம். ஆனால் ஒப்புமை இவ்வளவுதான் பொருந்தும்: கிணற்றுப் பங்கு காணியோடு ஒட்டியிருந்து கைமாறும் ஓர் ஆதன உரிமை, மென்பொருள் உரிமமோ இரு தரப்பினருக்கு இடையிலான ஒப்பந்தத்தில் தங்கியிருப்பது, ஆகவே ஒப்பந்தத்தின் வாசகமே அதன் ஆயுளைத் தீர்மானிக்கிறது.

இலங்கையில் கணினி நிரல்கள் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பதிப்புரிமைப் பாதுகாப்புப் பெறுகின்றன. நிரலொன்றின் பிரதியைச் சட்டப்படி உடைமையாகக் கொண்டவர், அது எந்த நோக்கத்துக்காகப் பெறப்பட்டதோ அந்த நோக்கத்துக்குத் தேவையான அளவில் அதைக் கணினியில் பிரதிசெய்யவும், பிரதி தொலைந்தால் அல்லது பழுதடைந்தால் ஈடுசெய்வதற்காக ஒரு காப்புப்பிரதி வைத்துக்கொள்ளவும் அச்சட்டம் இடமளிக்கிறது. பராமரிப்புக் கட்டணம் கட்டியவரா கட்டாதவரா என்று அது வேறுபடுத்தவில்லை. இறுவட்டு தேய்ந்துபோன பின்னரும் நிறுவல் கோப்பைத் தனியே சேமித்து வைத்திருப்பவர் களவு செய்தவர் ஆகமாட்டார் என்பதை இங்குள்ள பலர் அறிந்திருப்பதில்லை.

உரிமம் பெற்றவர் பிரதியின் உடைமையாளரா என்பதில் வெவ்வேறு நாடுகளின் நீதிமன்றங்கள் ஒருமித்து நிற்கவில்லை. வரைபட மென்பொருளான ஓட்டோகாட்டின் பழைய பதிப்பொன்றை இணைய ஏலத்தில் விற்ற வழக்கில், அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேன்முறையீட்டு நீதிமன்றம் 2010இல், வாங்கியவர் உரிமம் பெற்றவரே தவிர உடைமையாளர் அல்லர் என்று தீர்ப்பளித்தது. அதற்கு இரண்டு ஆண்டுகளின் பின்னர், 2012 யூலை 3 அன்று, ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் நேர்மாறான நிலைப்பாட்டை எடுத்தது. பயன்படுத்தப்பட்ட உரிமங்களை வாங்கி விற்றுவந்த யூஸ்ட்சொஃப்ட் என்ற ஜேர்மன் நிறுவனத்துக்கும் மென்பொருள் நிறுவனமான ஒராக்கிளுக்கும் இடையிலான அந்த வழக்கில், கால வரையறையின்றி ஒரு தொகைக்கு வழங்கப்பட்ட உரிமம் விற்பனைக்கு ஒப்பானது என்று நீதிமன்றம் கண்டது. இக்கட்டுரையின் விடயத்துக்கு அதைவிட முக்கியமானது அத்தீர்ப்பின் இன்னொரு பகுதி: பராமரிப்பு ஒப்பந்தம் குறித்த காலத்துக்கு மட்டுமே செய்யப்பட்டதாக இருந்தாலும், அக்காலத்தில் திருத்தப்பட்டும் சேர்க்கப்பட்டும் வந்த வசதிகள் முதலில் வாங்கிய பிரதியின் பிரிக்க முடியாத அங்கமாகிவிடுகின்றன, அவற்றைக் கால வரையறையின்றிப் பயன்படுத்தலாம் என்று அங்கே கூறப்பட்டது. அதாவது, பராமரிப்பு நடப்பில் இருந்தபோது பெற்ற திருத்தத்தைப் பராமரிப்பு முடிந்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. முடிந்த பின்னர் வெளிவந்த திருத்தத்தைக் கேட்கவும் முடியாது. இத்தீர்ப்பு இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது. ஆயினும் தர்க்கம் தெளிவானது. ஜேர்மனியிலோ பிரான்சிலோ இருக்கும் உறவினர் தம் நிறுவனத்தின் பழைய உரிமத்தை ஊருக்குக் கொடுத்துவிடுவது அசாதாரணமல்லாத ஒரு சமூகத்தில், அதை அறிந்திருப்பதற்குக் காரணமும் உண்டு. தம்முடைய பிரதியைப் பயன்படுத்த முடியாதபடி அகற்றிய பின்னரே முதலாமவர் கைமாற்றலாம் என்ற நிபந்தனையும் அத்தீர்ப்பிலேயே இருக்கிறது, அது மட்டும் வசதியாக மறக்கப்படுவதுண்டு.

நிரந்தரம் என்பதற்கும் திரும்பப் பெற முடியாமை என்பதற்கும் இடையே உள்ள தூரத்தை இங்கே நின்று கவனிக்க வேண்டும். முடிவுத் திகதி இல்லாத உரிமம் நிரந்தரமானது. ஆனால் வாங்கியவர் ஒப்பந்த விதியொன்றை மீறினால் அதை நிறுத்தும் அதிகாரத்தைப் பெரும்பாலான நிறுவனங்கள் தம் கையில் வைத்துக்கொள்கின்றன, ஆகவே அது திரும்பப் பெற முடியாதது அல்ல. அனுமதித்ததைவிட அதிகமான கணினிகளில் நிறுவுதல், பிறருக்கு வாடகைக்கு விடுதல், கணக்காய்வுக்கு ஒத்துழைக்க மறுத்தல் என்பன அத்தகைய மீறல்களாக எழுதப்பட்டிருக்கும். பராமரிப்புக் கட்டணம் செலுத்தாமை அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்பதே பார்க்க வேண்டியது. வழமையான வணிக ஒப்பந்தங்களில் அது இருப்பதில்லை, இருந்தால் அது நிரந்தர உரிமம் என்ற பெயரில் விற்கப்பட்ட சந்தாவே ஆகும். யாரும் பயன்படுத்தவும் மாற்றவும் பகிரவும் அனுமதிக்கப்பட்ட கட்டற்ற மென்பொருள்களின் உலகில் இந்த இடைவெளி வெளிப்படையாகவே அடைக்கப்பட்டிருக்கிறது: குனு பொது மக்கள் உரிமத்தின் 2007ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பதிப்பு, வழங்கப்படும் உரிமைகள் பதிப்புரிமைக் காலம் முழுவதற்கும் உரியவை என்றும், நிபந்தனைகள் பேணப்படும்வரை திரும்பப் பெற முடியாதவை என்றும் இரண்டையும் சேர்த்தே கூறுகிறது. ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் மின்வடிவில் சேர்க்கும் நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம் மீடியாவிக்கி என்ற கட்டற்ற மென்பொருளின் மீது இயங்கி வருவதைத் தற்செயலாகக் கருத வேண்டியதில்லை. ஆவணங்களைத் தலைமுறைகளுக்குக் காக்க முனையும் ஒரு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு கட்டணம் கேட்கும் ஒன்றின் மேல் அவற்றை அடுக்கிவைப்பது முரணாக இருந்திருக்கும்.

சட்டமும் ஒப்பந்தமும் வாங்கியவரின் பக்கம் நிற்கும்போதும் அவரை எவ்வளவு நெருக்கலாம் என்பதற்கு அண்மைக்கால உதாரணம் விஎம்வெயார். ஒரு பெரிய கணினிக்குள் பல கணினிகளை உருவகப்படுத்தி இயக்கும் இந்த மென்பொருளை ஆக்கிய நிறுவனத்தை 2023 நவம்பரில் புரோட்கொம் வாங்கியது. அடுத்த மாதமே நிரந்தர உரிமங்களின் விற்பனையும் அவற்றுக்கான பராமரிப்பைப் புதுப்பிப்பதும் நிறுத்தப்பட்டு, சந்தா மட்டுமே என்றாயிற்று. ஏற்கெனவே வாங்கியவர்களின் உரிமம் செல்லும் என்று ஒப்புக்கொண்ட அதே நிறுவனம், பராமரிப்பு முடிவடைந்த வாடிக்கையாளர் பலருக்கு 2025இல் கடிதம் அனுப்பி, முடிவுத் திகதிக்குப் பின் வெளிவந்த திருத்தங்கள் எதையாவது நிறுவியிருந்தால் அகற்ற வேண்டும் என்றும் கணக்காய்வு நடத்தப்படலாம் என்றும் எச்சரித்தது. மிக அவசரமான பாதுகாப்புத் துளைகளுக்கான திருத்தங்கள் மட்டும் விலக்களிக்கப்பட்டிருந்தன. கடிதத்தை மேலோட்டமாக வாசித்தவர்கள் உரிமமே போய்விட்டது என்று பதறியது இயல்பே. கூர்ந்து வாசித்தால் அது உரிமத்தைத் தொடவில்லை, திகதியைத்தான் தொட்டது. தமக்கு ஒப்பந்தப்படி பராமரிப்பை நீடிக்கும் தெரிவு இருந்தும் மறுக்கப்பட்டது என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான ஏடி அன்ட் டி 2024 ஓகஸ்டில் வழக்குத் தொடுத்தது, அதே ஆண்டில் அது இணக்கத்தில் முடிந்தது. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு வழக்காட வசதி இருந்தது. கஸ்தூரியார் வீதியில் நகைக்கடை நடத்துபவருக்கு இருப்பது முகவரின் தொலைபேசி இலக்கம் மட்டுமே.

கடைகளின் விடயத்தில் பொருத்தமான உதாரணம் பெங்களூரில் 1986இல் தொடங்கிய நிறுவனமொன்றின் ஆக்கமான டாலி. இக்கணக்கு மென்பொருளின் நிரந்தர உரிமம் முதலாண்டுப் பராமரிப்புச் சந்தாவோடு சேர்த்து விற்கப்படுகிறது. சந்தா முடிந்த பின்னரும், அது நடப்பில் இருந்தபோது வெளிவந்த பதிப்பில் கணக்கு எழுதிக்கொண்டே போகலாம், புதிய பதிப்புக்கு மாறுவதும் தொலைவிலிருந்து அணுகுவது போன்ற இணைய வசதிகளும் மட்டும் நின்றுவிடும். 2020 நவம்பரில் டாலி பிரைம் வெளிவந்தபோது சந்தா நடப்பில் வைத்திருந்தவர்கள் மேலதிகக் கட்டணமின்றி மாறினார்கள், மற்றவர்கள் பழைய பதிப்பிலேயே தங்கினார்கள். பலருக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. நிறுவனம் எழுதியதை எழுதியபடி நடைமுறைப்படுத்தும் இடத்தில் இந்தக் கேள்வி இவ்வளவு எளிமையாகவே தீர்ந்துவிடுகிறது.

சிக்கல் தொடங்குவது உள்ளூரில் எழுதப்பட்ட விற்பனைச் சிட்டை நிரல்களில். இலங்கையில் பெறுமதி சேர் வரி 2022 யூன் முதலாம் திகதி 8 வீதத்திலிருந்து 12 வீதமாகவும், அதே ஆண்டு செப்ரெம்பரில் 15 வீதமாகவும், 2024 ஜனவரியில் 18 வீதமாகவும் உயர்ந்தது. பதிவு செய்யவேண்டிய ஆண்டு விற்பனை வரம்பு 30 கோடி ரூபாயிலிருந்து 8 கோடியாகவும் பின்னர் 6 கோடியாகவும் இறங்கியதால், முன்பு இவ்வரியைப் பற்றியே எண்ண வேண்டியிராத பல கடைகள் அதற்குள் வந்து சேர்ந்தன. வரி வீதத்தை அமைப்புப் பக்கத்தில் மாற்றக்கூடிய நிரல் என்றால் ஐந்து நிமிட வேலை. வீதத்தை நிரலின் உள்ளேயே இலக்கமாக எழுதிவைத்திருந்தால், எழுதியவரே வந்து மாற்றினாலன்றி வழியில்லை. அவரோ பராமரிப்பு நடப்பில் உள்ளவர்களுக்கு முதலில் செய்வார், அல்லது இதற்கிடையில் கனடாவுக்குப் போயிருப்பார். கடைக்காரரின் உரிமம் அன்றும் செல்லுபடியானதே, ஆனால் அந்த நிரல் அச்சிடும் ஒவ்வொரு சிட்டையும் உள்நாட்டு இறைவரித் திணைக்களத்தின் கண்ணில் பிழையானது. பத்தொன்பது மாதங்களுக்குள் மூன்று தடவை வரி மாறிய நாட்டில், கணக்கு மென்பொருளின் பராமரிப்பு ஒப்பந்தத்தை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. எல்லா மென்பொருளுக்கும் அதே அவசரம் உண்டு என்று நம்பவைப்பதே விற்பனைத் தந்திரம்.

அச்சகங்களின் கதை இதற்கு நேரெதிரானது, குடாநாட்டுக்கே உரிய ஒரு நிறமும் அதற்கு உண்டு. இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்காக அச்சிடப்படும் 'கல்வெட்டு' என்னும் நினைவு மலர், ஆலயங்களின் கும்பாபிஷேக மலர், பாடசாலைகளின் ஆண்டு மலர், கலியாணக் காட் ஆகியவற்றில் நீண்ட காலமாகப் பக்க வடிவமைப்புக்குப் பயன்பட்டுவந்தது பேஜ்மேக்கர். அடோபி நிறுவனம் அதன் கடைசிப் பதிப்பான 7.0ஐ 2001இல் வெளியிட்டு, பின்னர் கைவிட்டது. எந்தப் பராமரிப்பும் எந்தத் திருத்தமும் இல்லாமல் அது அதன் பின் தாக்குப்பிடித்தமைக்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது எழுத்துரு: பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் குறியிடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை, ஆகவே தமிழை அறவே அறியாத மென்பொருளிலும் அவை பிசகாமல் வரும், ஒருங்குறித் தமிழுக்கு, அதாவது உலகப் பொதுக் குறியீட்டில் எழுதப்படும் தமிழுக்கு, எழுத்துகளைச் சேர்த்து ஒழுங்குபடுத்தும் ஆற்றல் மென்பொருளுக்குள் இருக்க வேண்டும், பேஜ்மேக்கருக்கு அது கிடையாது. இரண்டாவது காரணம் நமது விடயத்தோடு நேரடியாகத் தொடர்புடையது: பேஜ்மேக்கர் யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. நிறுவும்போது தொடரிலக்கத்தைத் தட்டச்சு செய்தால் போதும். இணையமும் வேண்டாம், தொலைபேசியும் வேண்டாம்.

அதற்குப் பின் வந்தவை அப்படியல்ல. 'அக்டிவேஷன்' என்று வழங்கப்படும் செயற்படுத்தல் முறையில், நிறுவப்பட்ட மென்பொருள் ஆக்கியவரின் சேவையகத்தோடு தொடர்புகொண்டு, இந்தத் தொடரிலக்கம் இந்தக் கணினிக்கு உரியதுதானா என்று உறுதிப்படுத்திய பின்னரே முழுமையாக இயங்கும். 2001 ஒக்டோபரில் வெளியான விண்டோஸ் எக்ஸ்பி அதைப் பரவலாக்கியது. அந்த ஆண்டில் யாழ்ப்பாணத்தின் நிலையை எண்ணிப் பார்க்கலாம்: 1990 யூனில் குடாநாட்டுக்கான மின்சாரம் துண்டிக்கப்பட்டது, தரைவழித் தொடர்பான ஏ9 வீதி போரினால் மூடப்பட்டு 2002 ஏப்ரலில்தான் திறக்கப்பட்டது, 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடப்பட்டு 2009 வரை அப்படியே கிடந்தது. தொடர்பு அறுவது விதிவிலக்காக அல்லாமல் நாளாந்த நிலையாக இருந்த ஓரிடத்தில், தொலைவில் உள்ள சேவையகம் ஒன்று பதிலளிக்கும் என்ற எடுகோளில் கட்டப்பட்ட பொருளை நிரந்தர உரிமம் என்று விற்பது, விற்பவரின் ஊரைப் பற்றியே எதையோ சொல்கிறது. அந்தச் சேவையகம் விற்பவராலேயே நிறுத்தப்படலாம் என்பதும் அடுத்த பத்தாண்டில் தெரியவந்தது. அடோபி தனது சிஎஸ்2 என்ற வடிவமைப்பு மென்பொருள் தொகுதிக்கான செயற்படுத்தற் சேவையகத்தை 2012இன் இறுதியில் மூடியது. சட்டப்படி வாங்கியவர்கள் கணினியை மாற்றினால் மீண்டும் நிறுவ வழியில்லாமற் போகும் என்பதால், செயற்படுத்தல் தேவைப்படாத பிரதிகளையும் அவற்றுக்கான தொடரிலக்கங்களையும் வெளியிட வேண்டியதாயிற்று. அந்த இலக்கங்கள் உலகெங்கும் பரவி, அடோபி இலவசமாகக் கொடுக்கிறது என்ற வதந்தியாக மாறியது வேறு கதை.

உரிமமும் இருந்து மென்பொருளும் திறந்தாலும் கோப்பு சிறைப்படலாம். பேஜ்மேக்கருக்குப் பதிலாக அடோபி முன்வைத்த இன்டிசைன், 2012இல் வந்த சிஎஸ்6 பதிப்புவரை பேஜ்மேக்கர் கோப்புகளைத் திறந்து மாற்றித் தந்தது. 2013இல் சந்தா முறைக்கு மாறிய பின் வந்த பதிப்புகளில் அந்த வசதி நீக்கப்பட்டது. இதன் பொருள் என்னவென்றால், இருபது ஆண்டுகளாகப் பேஜ்மேக்கரில் கல்வெட்டுகள் செய்துவந்த அச்சகமொன்றின் வன்தட்டில் கிடக்கும் நூற்றுக்கணக்கான வம்சாவளிப் பட்டியல்களையும் ஊர் வரலாறுகளையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் மாதச் சந்தா கட்டும் புத்தம்புதிய இன்டிசைன் திறக்காது, யாரும் கவனிக்காத பழைய நிரந்தர உரிமமே திறக்கும். அச்சக உரிமையாளர்கள் மூலையில் ஒரு பழைய கணினியைத் துணியால் மூடி வைத்திருப்பதைப் பழமைவாதம் என்று சிரிப்பவர்கள் இதை அறியாதவர்கள். அந்தக் கணினியின் உயிர் போவதற்குள் கோப்புகளை அச்சுக்குப் போகும் இறுதி வடிவிலேனும் மாற்றிவைக்காமல் விடுவது மட்டும் மன்னிக்க முடியாத சோம்பல்.

கட்டட வரைஞர்களும் நில அளவையாளர்களும் நம்பியிருக்கும் ஓட்டோகாட், விற்பவர் உரிமத்தைப் பறிக்காமலே வாங்கியவர் அதைக் கைவிடச் செய்யும் இன்னொரு வழியைக் காட்டியது. அதை ஆக்கும் ஓட்டோடெஸ்க் நிறுவனம் தனி மென்பொருள்களுக்கான புதிய நிரந்தர உரிமங்களின் விற்பனையை 2016 ஜனவரி இறுதியோடு நிறுத்தியது. பழைய உரிமங்களுக்கான பராமரிப்புத் திட்டமும் 2021 மே மாதத்தில் ஓய்வுபெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில், பராமரிப்பில் இருந்தவர்கள் சலுகை விலையில் சந்தாவுக்கு மாறலாம் என்று அழைக்கப்பட்டார்கள், மாறியவர்கள் அதற்கு ஈடாகத் தம் நிரந்தர உரிமத்தைத் துறந்தார்கள். எதுவும் செய்யாமல் பராமரிப்பை முடியவிட்டவரிடம் உரிமம் இன்றும் இருக்கிறது. சலுகையை ஏற்றவரிடம் இல்லை. விலைச்சீட்டைப் பார்த்துப் பயந்து மாறியவர்களில் எத்தனை பேர் இதை விளங்கி மாறினார்கள் என்பது கேட்கத்தக்க கேள்வி. மறுபுறம், சந்தா முறைக்கு மாறுவதாக அறிவித்து நிரலாளர்களின் எதிர்ப்பைச் சந்தித்து இறங்கிவந்த, நிரலெழுதும் கருவிகளை ஆக்கும் ஜெட்பிரெயின்ஸ் நிறுவனம் 2015இல் ஒரு நடுவழியைக் கண்டது: ஓராண்டு தொடர்ச்சியாகச் சந்தா கட்டியவர், பின்னர் கட்டாமல் விட்டாலும், அந்தச் சந்தாக் காலத்தின் தொடக்கத்தில் இருந்த பதிப்பை என்றைக்கும் வைத்துக்கொள்ளலாம். யாழ்ப்பாணத்தில் வளர்ந்துவரும் மென்பொருள் நிறுவனங்களின் இளைஞர்களுக்கு இது நன்கு தெரியும், அவர்களே எழுதி விற்கும் நிரல்களின் ஒப்பந்தத்தில்தான் அப்படியொரு வாசகத்தைக் காண்பது அரிது.

பராமரிப்பு இல்லாவிட்டாலும் உரிமம் உண்டு என்ற உண்மையை அளவுக்கு மீறி நம்புவதன் விலையையும் சொல்லியாக வேண்டும். இலங்கையின் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்ப முகவராண்மை நடத்திய அரச முகில் சேவையில், அரச நிறுவனங்களின் மின்னஞ்சலுக்கு மைக்ரோசொப்ட் எக்ஸ்சேஞ்ச் சேவையகத்தின் 2013ஆம் ஆண்டுப் பதிப்பு பயன்பட்டது. அப்பதிப்புக்கான ஆதரவு 2023 ஏப்ரல் 11 அன்று முடிந்தது, நிதிப் பற்றாக்குறையால் புதிய பதிப்புக்கு மாறுவது தள்ளிப்போனது. உரிமம் முடியவில்லை, மென்பொருளும் நேற்றுப்போலவே ஓடியது. 2023 ஓகஸ்ட் இறுதியில் கப்பம் கேட்கும் தீநிரல் ஒன்று தாக்கியபோது, அமைச்சரவை அலுவலகம் உட்படச் சுமார் 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17இலிருந்து ஓகஸ்ட் 26வரையான கடிதங்களுக்குக் காப்புப்பிரதியும் இல்லாமல் அவை அழிந்தன. இணையத்தோடு எந்நேரமும் இணைந்திருக்கும் மென்பொருளுக்கும், அச்சக மூலையில் கம்பி கழற்றி வைக்கப்பட்ட பேஜ்மேக்கருக்கும் ஒரே அளவுகோல் பொருந்தாது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இலங்கையில் வேறில்லை. 2025 ஒக்டோபர் 14 அன்று ஆதரவு முடிவடைந்த விண்டோஸ் 10 இயங்கும் கணினிகளும் இந்த இரண்டில் ஒரு வகைக்குள் வந்துசேரும். எந்த வகை என்பது அந்தக் கணினி எதற்குப் பயன்படுகிறது என்பதைப் பொறுத்தது.

பராமரிப்பைக் கட்டுவதா விடுவதா என்ற கணக்கு இலங்கையில் டொலரோடும் பின்னிக்கிடக்கிறது. 2022 மார்ச்சு தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாக இருந்த அமெரிக்க டொலர் இரண்டே மாதங்களில் 360 ரூபாயைத் தொட்டபோது, மாதச் சந்தாவில் மென்பொருள் வைத்திருந்தவர்களின் செலவு ஒரு சத விலையுயர்வும் இல்லாமலே ஏறத்தாழ இரட்டிப்பானது. வங்கி அட்டையால் வெளிநாட்டுக்குக் கட்டுவதே பாடாயிற்று. நிரந்தர உரிமம் வைத்திருந்தவர்கள் பராமரிப்பை ஓராண்டு தவிர்த்துவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். நெருக்கடியில் உதவுவது இந்தத் தவிர்க்கும் சுதந்திரமே, சந்தாவில் அது இல்லை. மீண்டும் சேரும்போது விடுபட்ட ஆண்டுகளுக்கும் சேர்த்து நிலுவை கேட்கும் நிறுவனங்கள் உண்டு, அது சேவைக்கான விலை அல்ல, விலகியதற்கான தண்டமே. கேட்கப்படும் தொகையைப் புதிய உரிமமொன்றின் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், சில வேளைகளில் புதிதாக வாங்குவதே மலிவாக இருக்கும்.

இத்தனையும் சட்டப்படி வாங்கியவர்களுக்கே பொருந்தும். மென்பொருள் நிறுவனங்களின் கூட்டமைப்பான பிஎஸ்ஏ 2018இல் வெளியிட்ட ஆய்வு, இலங்கையில் நிறுவப்பட்ட மென்பொருளில் 77 வீதம் உரிமம் அற்றது என்று மதிப்பிட்டது. அது விற்பவர்களின் சங்கம் தயாரித்த மதிப்பீடு என்பதை மனதில் வைத்தாலும், ஊரிலுள்ள எந்தக் கணினித் திருத்தகத்தின் மேசையையும் பார்த்தவர்கள் அதைப் பெரிதாக மறுக்கமாட்டார்கள். உடைத்த பிரதியில் பராமரிப்பு என்ற கேள்வியே இல்லாததால், பணம் கொடுத்து வாங்கிய சிறுபான்மையினரும் அதன் விதிகளைக் கேட்டறிய ஆளின்றி, முகவர் சொன்னதையே வேதமாகக் கொள்கிறார்கள்.

ஆகவே புதுப்பித்தல் சீட்டு வரும்போது முதலில் எடுக்க வேண்டியது காசோலைப் புத்தகம் அல்ல, முதலில் வாங்கியபோது தந்த உரிமப் பத்திரம். அதில் காலம் குறிக்கப்பட்டிருக்கிறதா, உரிமம் முடிவுறும் சந்தர்ப்பங்களில் பராமரிப்புக் கட்டணம் சேர்க்கப்பட்டிருக்கிறதா, கணினி மாறினால் மறுபடி செயற்படுத்தித் தருவது பராமரிப்பின் ஒரு பகுதியா அல்லது உரிமத்தின் ஒரு பகுதியா என்ற மூன்றும் பார்க்கப்பட வேண்டும். மூன்றாவதே மிகவும் மறக்கப்படுவதும் மிகவும் வலிப்பதும். உள்ளூர் நிரலாளர் ஒருவரிடம் வாங்கும்போது, மூலநிரலை, அதாவது நிரலாளர் எழுதிய, வேறொருவர் வாசித்துத் திருத்தக்கூடிய வடிவை, சட்டத்தரணி ஒருவரிடம் ஒப்படைத்து, நிரலாளர் தொழிலை விட்டாலோ நாட்டை விட்டுப் போனாலோ கடைக்காரரிடம் கையளிக்கச் செய்யும் ஒரு பிரிவை ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம். பிற நாடுகளில் இது வழமையான ஏற்பாடு. கேட்கும்போது நிரலாளர் சற்று முகம் சுழிப்பார். முதற் கொடுப்பனவுக்கு முன்னர் கேட்டால் ஒப்புக்கொள்வார், விசா வந்த பிறகு கேட்டால் தொலைபேசியையே எடுக்கமாட்டார்.